சுற்றிச் சுற்றி வந்த மெயில்

நுஸைபாவின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்ததில் போன வாரம் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. சேக் இஸ்மாயில் வீட்டிலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் மண்டப வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், பெண்ணின் மூத்த அண்ணன் அப்துல் ஹலீம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துச் சமாதானம் பேசியதும் இனி பழைய கதை. செல்ல மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிரியாணிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் வீடே காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. சின்ன மகன் ஆசிப்பின் மனைவி ருமானா, மருதாணிச் சிவப்பு மாறாத கையோடு சிம்மக்கல்லுக்கு ஆட்டோ ஏறிவிட்டாள்.

சிம்மக்கல்லில் அந்தக் குடும்பத்துக்கு அட்டைப்பெட்டி மொத்த வியாபாரம். ஸ்வீட் பாக்ஸ், கேக் பாக்ஸ், இப்போது புதிதாகப் பிரியாணி பாக்ஸும் உண்டு. கடையின் மேல்மாடி அண்மைக்காலம் வரை குடோனாகத்தான் கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி ஆபீஸாக்கி, ஆளுக்கொரு மெயில் முகவரி ஏற்படுத்தி, வெளியூர் ஆர்டரை எல்லாம் இனி எழுத்திலேயே வாங்குவோம் என்று மாமனாரிடம் ருமானா மல்லுக்கட்டி அனுமதி வாங்கியதை நாம் பார்த்தோம். அன்று சேக் இஸ்மாயில் சொன்ன வார்த்தையும் மறந்திருக்காது.

"சரிம்மா, செஞ்சு பாரு. ஆனா இதால கடைக்கு ஒரு கெட்ட பேரு வந்துச்சுன்னு வையி, மேல்மாடி மறுபடி குடோன்தான். நீ வீட்டோட இருந்துக்க."

அன்றிலிருந்து ருமானா ஒவ்வொரு நாளும் பரீட்சை எழுதுகிறவளைப் போலத்தான் கடைக்கு வந்துபோனாள். அதற்குப் பலனும் கிடைத்தது. திருச்சியில் பல கிளைகள் உள்ள ஓர் இனிப்புக் கடை, தீபாவளிப் பெட்டி அத்தனையும் இந்தத் தடவை உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தது. பெட்டியின் டிசைனை இன்றைக்கு மெயிலில் அனுப்பி உறுதி செய்ய வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் மேல்மாடி நிலைத்துவிடும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மெயில் திறப்பேனா என்றது. ஒருவழியாகத் திறந்தபோது திரை முழுக்க ஒரே கடிதம். திருச்சிக் கடையின் மேனேஜர் முத்துக்குமரன் சனிக்கிழமை அனுப்பிய கடிதம். மேலே தள்ளினாலும் அதுதான், கீழே தள்ளினாலும் அதுதான். அடியில் சிவப்பு எழுத்தில், மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதுவும் அனுப்பவோ பெறவோ முடியாது என்று ஓர் எச்சரிக்கை.

ருமானா மெயிலை மூடித் திறந்தாள். மறுபடி மறுபடி எதையோ அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜை மேலிருந்த போன் அடித்தது.

"ஹலீம் பாய் இருக்காரா? போன் எடுக்க மாட்டேங்கிறாரே."

"வீட்ல இருக்காருங்க. நான் ருமானா பேசுறேன். நீங்க?"

"முத்துக்குமரன்மா, திருச்சி. ஏம்மா, உங்க வீட்ல மொத்தம் எத்தனை கல்யாணம்?"

"ஒண்ணுதாங்க சார். என் நாத்தனாருக்கு."

"ஒரு கல்யாணத்துக்கா இவ்வளவு அறிவிப்பு? சனிக்கிழமை ஒரே ஒரு மெயில் போட்டேன். 'எங்கள் இல்லத்தில் நிக்காஹ், கடை திங்கள் அன்று திறக்கும், மணமக்களுக்காகத் துஆ செய்யவும்'னு உடனே பதில் வந்துச்சு. சந்தோசம்னு நினைச்சேன். ரெண்டு நிமிசத்துல அதே பதில். அப்புறம் அதே பதில். ஞாயித்துக்கிழமை பூரா உங்க கல்யாணம்தாம்மா என் போன்ல. ஒவ்வொரு தடவையும் துஆ செய்யணும்னா நான் வேலையை விட்டுட்டுத்தான் செய்யணும்."

ருமானாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டாள். முத்துக்குமரன் கெட்ட மனிதர் இல்லை, ஆனாலும் அடுத்து அவர் சொன்னதில் சிரிக்க எதுவும் இல்லை.

"எங்க கம்ப்யூட்டர் ஆளுங்க உங்க முகவரியையே தடை பண்ணிட்டாங்க. முதலாளி எதுவானாலும் பதிவு பண்ணின மெயில்ல வரணும்னு சொல்றவர். வாட்ஸ்அப்புல டிசைன் வாங்கிப் போன வருசம் கலர் மாறிப்போயி, அம்புட்டுப் பொட்டியும் வீணாப்போச்சுல்ல. இப்ப நான் கார்லதான் வந்துட்டிருக்கேன், கொட்டாம்பட்டி தாண்டியாச்சு. உங்க ஊர்ப் பக்கம் ஒத்தக்கடையில ஒரு கம்பெனி, அவங்களும் பொட்டி பண்றவங்க. பேசி முடிச்சுட்டு வான்னு முதலாளி சொல்லிட்டார்."

"சார், கொஞ்சம் பொறுங்க சார். நாங்க சரி பண்ணிடுறோம்."

"வழியில மேலூர்ல சாப்பிட நிப்பேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க. சரி பண்ணினா மட்டும் போதாது, மறுபடி இப்படி ஆகவே ஆகாதுன்னு தைரியமாச் சொல்லணும். சொன்னா நானே தடையை எடுக்கச் சொல்றேன். இல்லைன்னா ஒத்தக்கடையோட முடிச்சுக்குறேன். தப்பா நினைக்காதீங்கம்மா."

போனை வைத்தபோது படியில் காலடிச் சத்தம். ஒரு ஆள் சத்தமல்ல, ஊர்வலமே ஏறி வந்தது.

நுஸைபாவின் புகுந்த வீட்டுக்கு மறுவீட்டுப் பலகாரம் கொண்டுபோகப் புறப்பட்ட காரை, பாதி வழியில் ஹலீம்தான் சிம்மக்கல்லுக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார். போனில் தவறவிட்ட அழைப்புகளையும் முத்துக்குமரனின் கோபமான குறுஞ்செய்தியையும் காரில் வைத்துத்தான் பார்த்தாராம். முன்னால் ஹலீம், பின்னால் வெள்ளை ஜிப்பாவில் மாமனார், கார்ச் சாவியோடு ஆசிப், எல்லாருக்கும் பின்னால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூத்த மருமகள் சாயிரா பானு.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா, அத்தா?" ஹலீம் நாற்காலியில் உட்காராமலே தகப்பனாரிடம் ஆரம்பித்தார். "நம்ம வியாபாரத்துக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னேன். போன்ல பேசுனோமா, சரக்கை ஏத்துனோமான்னு இருந்தோம். இப்பப் பாருங்க, கல்யாண வீட்டுப் பேரையே சந்தி சிரிக்க வச்சாச்சு."

சேக் இஸ்மாயில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ருமானாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தீர்ப்பை ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவரைப் போல இருந்தார்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அதைத்தான் மாமா பாக்குறேன். கொஞ்சம் நேரம் குடுங்க."

ஆசிப் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மனைவிக்குப் பரிந்து பேச அண்ணன் முன்னால் அவனுக்கு நாக்கு எழாது. ஆனாலும் பக்கத்தில் வந்து நின்றானே, அதுவே பெரிது.

"நீங்க சனிக்கிழமை என்ன பண்ணீங்க?" ருமானா அவனிடம் மெல்லக் கேட்டாள்.

"நான் என்னத்தைப் பண்ணேன்? மண்டபத்துல பந்தல் வேலை கிடந்துச்சு. எனக்கு வர்ற மெயிலெல்லாம் தானா உனக்கு வர்ற மாதிரி மாத்தி வச்சுட்டுப் போனேன். நீதானே கடையில இருந்த?"

"மச்சான், நீங்க?"

"நான் வெள்ளிக்கிழமையே மண்டபத்துக்குப் போயிட்டேன்ல? எனக்கு வர்றதை ஆசிப்புக்குப் போற மாதிரி வச்சுட்டுத்தான் போனேன்." ஹலீம் நெஞ்சை நிமிர்த்தினார். "பொறுப்பை அடுத்தவன் கையில குடுக்காம நான் என்னைக்காவது கடையை விட்டு எறங்கியிருக்கேனா?"

உண்மைதான். அந்தக் கடையின் சட்டமே அது. யார் வெளியே போனாலும் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சேக் இஸ்மாயில் தன் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அண்ணன் தம்பியிடம் கொடுத்தார். தம்பி மனைவியிடம் கொடுத்தான்.

அப்புறம்?

ருமானாவின் விரல் விசைப்பலகை மேல் நின்றுவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் நுஸைபாவுக்கு மருதாணி வைக்க ஆளில்லை என்று அழைப்பு வந்ததும், கடையைச் சாத்திவிட்டு ஓடும் முன் அவளும் அதையேதான் செய்திருந்தாள். தனக்கு வருவதையெல்லாம் யாருக்கு அனுப்புவது? வீட்டுக்கு மூத்தவர், போனைக் கையை விட்டு இறக்காதவர் என்று ஹலீம் பெயரைப் போட்டிருந்தாள்.

ஹலீமுக்கு வந்த கடிதம் ஆசிப்புக்குப் போனது. ஆசிப்பிடமிருந்து அவளுக்கு. அவளிடமிருந்து மறுபடி ஹலீமுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஹலீமின் பெட்டியில் இருந்த கல்யாண அறிவிப்பு தானாகக் கிளம்பித் திருச்சிக்குப் பறந்திருக்கிறது. மூன்று பேரும் மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருக்க, கடிதம் ஓய்வே இல்லாமல் வீட்டைச் சுற்றியிருக்கிறது.

வளையத்தை மூடியது அவள் கை. அவள் மட்டும் அந்தக் கடைசி முடிச்சைப் போடாமல் இருந்திருந்தால் கடிதம் அவளிடமே வந்து நின்றிருக்கும்.

இதில் ஒரு விஷயம், நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ருமானாவுக்கு ஒரு கெட்ட எண்ணம் வராமல் இல்லை. தன் முடிச்சை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திருச்சிக்குப் பறந்த பதில் ஹலீமின் பெட்டியிலிருந்துதானே போனது? பழியை மச்சான் தலையில் கட்டிவிட்டால் மேல்மாடி தப்பித்துவிடும். கை மவுஸின் மேல் போய் ஒரு கணம் நின்றது.

கையை எடுத்துவிட்டாள். தலையை நிமிர்த்தினாள்.

"மாமா, தப்பு எம்மேலயும் இருக்கு. அண்ணன் தம்பிகிட்ட குடுத்தாரு, தம்பி எங்கிட்ட குடுத்தாரு, நான் கொண்டுபோய் மறுபடி மச்சான்கிட்டயே குடுத்துட்டேன். மூணு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போறோம், வாங்கி வைக்க யாருமே இல்லைன்னு நான் யோசிச்சிருக்கணும். இதை ஏற்பாடு பண்ணினவ நான். எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

சேக் இஸ்மாயில் புருவத்தைச் சுருக்கினார். "அப்ப சாவி யாருகிட்டதான் இருந்துச்சு?"

"யாருகிட்டயும் நிக்கல மாமா. கை மாறிக்கிட்டே இருந்துச்சு."

கிழவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. "நம்ம புள்ளைக அம்புட்டுப் பேரும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்குக. அதுலதான் வந்திருக்கு வினை."

"சரி, பேசிக்கிட்டே நிக்காம ஆகுற வேலையைப் பாருங்க." அண்ணன் முன்னால் ஆசிப்புக்கு இப்போதுதான் குரல் எழுந்தது. "அந்த ஆளு மேலூர் வந்திருப்பாரு."

ருமானா தன் முடிச்சை அவிழ்த்தாள். ஆசிப் தன்னுடையதை அவிழ்த்தான். ஹலீம் போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார், தூரத்தில் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"மச்சான், அந்தத் தானாப் போற பதிலை நிறுத்துங்க."

"நிறுத்துறேன்மா, நிறுத்துறேன். இங்கதான் எங்கயோ இருந்துச்சு."

"குடுங்க இப்படி," என்றாள் சாயிரா பானு.

இதுவரை வாயைத் திறக்காதவள், பட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கணவனின் கையிலிருந்து போனை வாங்கினாள். நாலு தட்டுத் தட்டினாள். முடிந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"உங்க மச்சானுக்கு வர்ற மெயிலை எம்புட்டு நாளா யாரு பாக்குறான்னு நினைச்ச? ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் போனை எங்கிட்ட நீட்டிட்டுப் படுத்துருவாரு. பதில் போடுறது, ஆசிப்புக்குப் போற மாதிரி மாத்துனது, அந்தக் கல்யாண அறிவிப்பு, அம்புட்டும் நாந்தான்." சாயிரா பானு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் பதில் போகணும்னு அதுல ஒரு கட்டம் இருந்துச்சு. அதைத் தொடாம விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு மாமா."

ஹலீம் ஜன்னல் வழியாகச் சிம்மக்கல்லின் போக்குவரத்தை மிகுந்த அக்கறையோடு கவனிக்கத் தொடங்கினார். பாவம், அந்த நேரத்தில் அவர் பார்ப்பதற்கு டவுன் பஸ்ஸாவது இருந்தது.

ஆறு மாதமாக அடுப்படியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் காய் நறுக்கிய ஓரகத்திகள், இப்போது ஒரே திரையின் முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். ருமானா சொல்லச் சொல்லச் சாயிரா பானு குவிந்து கிடந்த கடிதங்களை அழித்தாள்.

"முடிச்சை எடுத்துட்டோம். நாளைக்கு இன்னொரு விசேசம் வந்தா மறுபடி ஆளாளுக்குப் போட்டுருவாங்களே," என்றாள் சாயிரா பானு.

"அதான் அக்கா நானும் யோசிக்கிறேன். ஆளு ஆளுக்கு மாத்தி விடுறதே வேணாம். கடைக்குன்னு பொதுவா ஒரு பெட்டி. யாருக்கு வந்தாலும் அதுல வந்து விழுந்துரணும். அதுல இருந்து வேற எங்கயும் தானாப் போகக்கூடாது. யாரு கடையில இருக்காங்களோ அவங்க தொறந்து பாத்துக்கட்டும்."

"யாருமே இல்லைன்னா?" என்று கேட்டான் ஆசிப்.

"அங்கேயே கிடக்கட்டுமே. வந்து பாத்தா ஆச்சு. ஒரே ஒரு பதில், ஆளுக்கு ஒரே ஒரு தடவை போனாப் போதும்."

"ஆமா, எல்லாரும் கல்யாணத்துக்குப் போனா கடையைப் பூட்டிட்டுத்தானே போறோம்," என்றார் சேக் இஸ்மாயில். "இதையும் பூட்டிட்டுப் போங்க."

அவர் வாயிலிருந்து அது வந்ததும் ருமானாவுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மளமளவென்று பொதுப் பெட்டியை ஏற்படுத்தினாள். மூன்று பேருடைய கடிதமும் அதில் வந்து விழும்படி வைத்தாள். அதிலிருந்து வெளியே போகும் வழியை அடைத்தாள். ஒரு ஆளுக்கு ஒரு பதில் என்ற கட்டத்தைச் சாயிரா பானுவே தன் கையால் தொட்டு வைத்தாள்.

முத்துக்குமரனுக்குப் போன் போட்டார்கள். அவர் வாயில் பரோட்டா இருந்தது.

"சார், சரி பண்ணியாச்சு. இனிமே இப்படி ஆகாது. எப்படி ஆச்சுன்னும் தெரிஞ்சுபோச்சு, ஆகாம இருக்க வழியும் பண்ணியாச்சு." ருமானா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தான் செய்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது. "சரி, தடையை எடுக்கச் சொல்றேன். ஆனா முதல்ல ஒரு சோதனை. நான் இப்ப ஒரு மெயில் போடுறேன். பாப்போம்."

ஸ்பீக்கரில் வைத்தார்கள். சேக் இஸ்மாயில் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார். ஹலீம்கூட ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு பதில் வந்திருக்கு," என்றார் முத்துக்குமரன். "'உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி'. நல்லது."

ருமானா ஆசிப்பின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமையும் முதல் பதில் ஒழுங்காகத்தான் போயிருந்தது. இரண்டாவதில்தான் எல்லாம் தொடங்கியது.

"டீ ஒண்ணு குடிச்சிட்டுப் பாக்குறேன்," என்றார் அவர்.

திருச்சிக்காரர் ஒரு டீயைக் குடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. ஊதி ஊதிக் குடித்தார். யாரிடமோ வடை கேட்டார். கடைசியில் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"வரலை."

"வேற எதுவும் வரலையா சார்?"

"ஒண்ணுகூட வரலைம்மா. தடையை எடுத்தாச்சு. டிசைனை அனுப்புங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சேக் இஸ்மாயில் சத்தமாகவே சொன்னார். ஆசிப் கையைத் தட்டிவிட்டான். ருமானா டிசைனை அனுப்பும்போது கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் திருச்சியிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. முத்துக்குமரன் மறுபடி பேசினார். "ஒத்தக்கடையில நிக்கலை. நேரா உங்க கடைக்கே வாரேன். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க, கல்யாண வீட்டுச் சாப்பாடு போடாம அனுப்பிருவீங்களா?"

"வாங்க சார், வாங்க! தாராளமா வாங்க!" என்று போனைப் பிடுங்கிக் கத்தினார் ஹலீம். அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆயிரம் சொன்னாலும் வியாபாரி.

சேக் இஸ்மாயில் எழுந்தார். ருமானாவின் தலையில் கையை வைத்தார்.

"தெரியாம நடந்ததை நீ மறைச்சிருக்கலாம். மறைக்கலை. மேல்மாடி உன்னோடது, நல்லாப் பாரு. ஹலீமு, சரக்கு வைக்க வேற குடோன் தேடுப்பா."

ருமானா அப்போதுதான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். சாயிரா பானு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, நாளையிலருந்து நானும் இவகூடக் கடைக்கு வரட்டுமா?"

சேக் இஸ்மாயில் மூத்த மகனைப் பார்த்தார். ஹலீமின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீயும் வந்துட்டா வீட்டை யாரு பாக்குறது?"

"உங்க வேலையை நான் ராத்திரியில பாக்கலையா? அப்ப வீட்டை யாரு பார்த்தா?"

ஆசிப் இருமினான்.

"மறுவீட்டுக்கு நேரமாச்சு, முத்துக்குமரன் வர்றதுக்குள்ள திரும்பணும். கார்ல பேசிக்கலாம், வா," என்று ஹலீம் படியை நோக்கி நடந்தார்.

சாயிரா பானு எழுந்திருக்கவில்லை.

"பதிலைச் சொல்லிட்டு எறங்குங்க," என்றாள்.